நரம்பு பிடிபடவில்லை

இப்போது பின்னேரம் 6.30 மணி. இரவு 8 மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்கக்கூடாது என்று உத்தரவு. நாளைக் காலை வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்கப் போகவேண்டும், அதுவும் இரண்டாம் தரம். வியாழக்கிழமை எடுத்தது காணாதாம். ஆகவே ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இதை எழுதி முடித்துவிட்டுப் புட்டுக்குப் போகவேண்டும். அவசரத்தில் எழுதுவதால் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். ஆறுதலாக இருந்து எழுதினாலும் அப்படித்தான் இருக்கும் என்கிறா மனைவி.

வியாழக்கிழமை நடந்தது இது. எங்கள் ஒழுங்கைக்குக் கிட்ட ஓர் இரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. கதிரையில் இருத்தி, கையை நீட்டச் சொல்லி, முழங்கைக்கு மேலே றப்பர் பட்டியை இறுக்கிய பிள்ளையை நிமிர்ந்து பார்த்தேன். என்னுடைய மாணவி. மூன்று வருடத்துக்கு முன்பு என்னிடம் உடலமைப்பியலும் உடற்றொழிலியலும் படித்தவள். குருதிச் சுற்றோட்டப் பாடத்தில் 92 புள்ளி. அந்த விடைத்தாளைப் போட்டோக் கொப்பி எடுத்து அடுத்தடுத்த வகுப்புகளுக்கெல்லாம் காட்டித் திரிந்தவன் நான். பெருநாடியில் தொடங்கி, மயிர்க்குழாய்களுக்குள் நுழைந்து, நாளங்களால் திரும்பி, வலது சோணையறைக்கு வந்து சேரும் அந்தப் படத்தில் ஓர் அம்புக்குறிகூடத் திசை பிழைக்கவில்லை. இப்படி ஒரு பிள்ளையின் கையில் என் இரத்தம் போவது எனக்குப் பெருமையாக இருந்தது.

பிள்ளை என் முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டினாள். தடவினாள். கையைப் பொத்தி விரிக்கச் சொன்னாள். திரும்பவும் தட்டினாள். பிறகு உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, ஒருக்கா இஞ்ச வாங்கோ. சேருக்கு நரம்பு பிடிபடுகுதில்லை."

நான் பொறுமைசாலி இல்லை. ஆனாலும் றப்பர் பட்டி கட்டிய கையோடு எவ்வளவுதான் பாய முடியும்? மெதுவாகத்தான் சொன்னேன்.

"பிள்ளை, அது நாளம்."

"ஓம் சேர்," என்றாள் அவள், அன்பாக, ஊசியைப் பிரித்துக்கொண்டே. "அது சோதினைக்கு."

உள்ளேயிருந்து வந்த அக்கா என் கையை ஒரு மீன்காரியின் கண்ணோடு பார்த்தா. "வயசு போனவைக்கு நரம்பு ஓடி ஒளிச்சிடும். மற்றக் கையைக் குடுங்கோ ஐயா." மற்றக் கையும் கொடுத்தேன். மூன்று குத்து. முடிவில் சேர்ந்த இரத்தத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும், இது காணாது என்று.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். முழங்கை மடிப்பில், அந்த நாளத்துக்கு அதிக தூரமில்லாமல், உண்மையான நரம்பு ஒன்றும் போகிறது. பெருவிரல் பக்கத்து விரல்களுக்கு உணர்ச்சி கொண்டுபோவது அதுதான். ஊசி அதில் பட்டிருந்தால் விரல் நுனிவரை மின்சாரம் அடித்து நான் கதிரையோடு எழும்பி ஒழுங்கைக்கு வந்திருப்பேன். அந்த நரம்பு பிடிபடாமல் போனதற்கு நல்லூர்க் கந்தனுக்கு ஒரு கற்பூரம் கொளுத்தத்தான் வேண்டும்.

நான் எழுத உட்கார்ந்தது இதைப் பற்றியல்ல. மானிப்பாயில் 1848 இல் வைத்தியம் செய்யத் தொடங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியரைப் பற்றி. அவர் எங்கள் ஊர்ப் பெடியன்களுக்கு உடலமைப்பியல் படிப்பித்தவர், அதையும் தமிழில் படிப்பித்தவர். போன மாதம் மானிப்பாய் வீதியால் சைக்கிளில் வரும்போது அவருடைய பெயரில் உள்ள ஆசுப்பத்திரியைக் கடக்கையில் எனக்கு ஒரு விசயம் பொறி தட்டியது. அதைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முதல் இந்த நரம்பை ஒரு வழி பண்ணிவிடுகிறேன். ஐந்து நிமிடம்.

பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றபின், பட்டணத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் கிழமையில் மூன்று பின்னேரம் படிப்பிக்கிறேன். தாதி உதவியாளர், முதியோர் பராமரிப்பாளர் என்று இரண்டு பயிற்சிநெறி. கீழே துணிக்கடை, மேலே நாங்கள். சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள், கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்ற பிறகு படிக்க வந்த பெண்கள், வெளிநாட்டு விசாவுக்குச் சான்றிதழ் தேவைப்பட்ட ஒன்றிரண்டு பெடியன்கள். எங்களிடம் ஒரு பிளாஸ்ரிக் எலும்புக்கூடு உண்டு. மாணவர்கள் அதை "அண்ணை" என்பார்கள். அண்ணைக்கு இடது கை மணிக்கட்டோடு இல்லை. ஒரு கையில் 27 என்பு. ஆகவே மனித உடலில் 206 என்பு என்று படிப்பித்துவிட்டு 179 ஐ மட்டும் காட்டுகிறேன். இதுவரை ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. அது ஒரு ஆறுதல்.

போன மாதச் சோதினையில் ஒரு கேள்வி: உடலின் பகுதிகளிலிருந்து குருதி இதயத்துக்கு எதனூடாகத் திரும்பி வருகிறது? 34 பேர் எழுதினார்கள். 31 பேர் "நரம்பினூடாக." ஒருத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று, "நரம்பு நாளத்தினூடாக." ஒருத்தன் "குழாயால்." நான் அவனுக்கு முழுப்புள்ளி போட்டேன். நாளம் என்றால் உள்ளே துளையுள்ள தண்டுதானே, தாமரைத் தண்டு மாதிரி. கடைசி ஒருத்தி மட்டும் "நாளம்" என்று எழுதியிருந்தாள். அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினேன். "நான் நாளாந்தம் எண்டு எழுத வெளிக்கிட்டு நேரம் காணாமல் விட்டிட்டன் சேர்," என்றாள்.

பிள்ளைகளில் நான் பிழை சொல்லமாட்டேன். அவர்கள் எங்கே இருந்து வருகிறார்கள்? உங்கள் வீட்டிலிருந்தும் என் வீட்டிலிருந்தும். சனிக்கிழமை ஆட்டிறைச்சி வாங்கப் போனால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "நரம்பில்லாத துண்டாப் பாத்து வெட்டுங்கோ." அது தசைநாண், தசையை என்போடு கட்டுவது. இறாலை உடைக்கும்போது முதுகைக் கீறி ஒரு கறுப்பு நூலை இழுக்கிறீர்களே, அதற்கு என்ன பெயர்? நரம்பு. அது அந்த இறாலின் குடல், ஐயா! அது கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாடு அதற்குள்தான் இருக்கிறது. இதில் வெள்ளைக்காரன் எங்களுக்கு மேலல்ல. அவனும் அதை நாளம் என்றுதான் சொல்கிறான். இறால் விசயத்தில் உலகம் முழுதும் ஒரே கூட்டு.

வெற்றிலை போடும்போது நடுவில் கிள்ளி எறிவது நரம்பு. வீணையில் இழுத்துக் கட்டுவது நரம்பு. கூட்டத்தில் கத்துகிறவனுக்குக் கழுத்தில் புடைப்பது நரம்பு (அது கழுத்து நாளம்). சாமத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்து "ஐயோ, நரம்பு இழுத்திட்டுது" என்கிறோமே, அது தசை. கால் மடங்கினால் "நரம்பு பிரண்டுபோச்சு." குதிக்கு மேலே இருக்கிற தடித்த நாணும் நரம்புதான். கடைக்குள் முப்பது வருடம் நின்று வியாபாரம் செய்தவருக்குக் காலில் நீலமாக முறுக்கிக் கிடப்பது "நரம்பு சுருண்டிட்டுது." மாரடைப்பு என்றால் "இருதயத்துக்குப் போற நரம்பு அடைச்சிட்டுது." பாரிசவாதம் என்றால் "மூளையில நரம்பு வெடிச்சிட்டுது." இரண்டும் நாடி! குருதியைக் கொண்டுபோகிற நாடி! அந்த அடைப்புக்குள் கம்பிவலைக் குழாய் வைத்து உயிர் காப்பாற்றிய பிறகும், வீட்டுக்கு வந்து படுத்திருக்கிற மனிதர், பார்க்க வந்தவர்களுக்குச் சொல்கிறார்: "நரம்புக்குள்ள ஸ்பிறிங் வைச்சிருக்கினம்."

சரி, எல்லாவற்றையும் நரம்பு என்கிறார்கள். அதில் உண்மையான நரம்பும் அகப்படத்தானே வேண்டும்? அதுதான் இல்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாரியில் தொடங்கித் தொடையின் பின்பக்கத்தால் காலுக்கு இறங்குகிற நரம்பு, உடம்பிலேயே ஆகத் தடித்தது, கிட்டத்தட்ட என் பெருவிரல் மொத்தம். அது நசிந்து மனிசன் நிமிர முடியாமல் கிடக்கும்போது அதற்குப் பெயர் என்ன? "வாய்வு." சீனி வருத்தம் முற்றி உள்ளங்காலின் நரம்புகள் கெட்டு, செருப்புக் கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறாரே, அதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள்? "காலுக்கு இரத்தோட்டம் காணாது." இரத்தத்தில் பிழை என்றால் நரம்பு. நரம்பில் பிழை என்றால் இரத்தம். இரண்டும் இல்லையென்றால் வாய்வு. இவ்வளவு ஒழுங்காகப் பிழைவிடுவதற்கும் ஒரு படிப்பு வேண்டும்.

இன்னும் ஒன்று. உடம்பு முழுக்க, மரக்கறிச் சந்தை முழுக்க, மீன்சந்தை முழுக்க நரம்பைக் கண்ட எங்கள் சனம், ஒரே ஓர் இடத்தில்தான் நரம்பு இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறது. எங்கே? நாக்கில். நரம்பில்லாத நாக்கு, எப்படியும் கதைக்கும். மண்டையோட்டிலிருந்து புறப்படுகிற நரம்புகள் மொத்தம் 12 சோடி. அதில் 5 சோடி அந்த நாக்குக்குப் போகிறது. அசைக்க ஒன்று, தொட்டால் தெரிய ஒன்று, முன்பக்க ருசிக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, அடிநாக்குக்கு இன்னொன்று. இவ்வளவும் போய்ச் சேருகிற உறுப்பைப் பார்த்து, தேடித்தேடிப் பார்த்து, "இதில மட்டும் இல்லை" என்று சொன்ன முன்னோர் ஆர் என்று தெரிந்தால் அவருக்கும் ஒரு சோதினைத் தாள் கொடுத்துப் பார்க்கலாம்.

சிலநேரம் நினைப்பேன், எங்கள் ஊரின் பெயரே இதற்குக் காரணமோ என்று. யாழ் பாடிப் பரிசாக வாங்கிய ஊர் என்று கதை. யாழ் என்றால் என்ன? நரம்பு. செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு, பேரியாழுக்கு 21. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அந்த நரம்புகளைக் கணக்குப் போட்டு 1947 இல் யாழ்நூல் என்று ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். ஊருக்கே நரம்பால் பெயர் வைத்துவிட்டு, இரத்தம் எடுக்கிற பிள்ளை நாளம் என்று சொல்லவேண்டுமென்று நான் ஒற்றைக்காலில் நிற்பது நியாயமா? நியாயம்தான். மனைவி இல்லை என்கிறா.

ஐந்து நிமிடம் என்றேன். மணி 7.05. இன்னும் நாடி இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட முடியாது.

நாடி என்றால் எங்கள் பாடப்புத்தகத்தில் இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுபோகிற குழாய். நல்ல சொல். ஆனால் யாழ்ப்பாணத்தில் நாடி எங்கே இருக்கிறது என்று ஒரு குழந்தையைக் கேட்டுப்பாருங்கள். வாய்க்குக் கீழே தொட்டுக் காட்டும். புதிய வகுப்பு ஒன்றில் முதல்நாள், "பக்கத்தில இருக்கிறவற்ற நாடியைப் பிடிச்சு நிமிசத்துக்கு எத்தினை எண்டு எண்ணுங்கோ," என்று சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தால் 34 பேரும் சோடி சோடியாக ஒருவர் நாடியை ஒருவர் பிடித்துக்கொண்டு, பெண்பார்க்க வந்த மாமியார் மாதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பின்வாங்கில் ஒருத்தி மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். எதை எண்ணினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 72 என்றாள். சரியான விடைதான்.

சித்தவைத்தியரிடம் போனால் அவர் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று மூன்று நாடி பார்ப்பார். அது வேறு கணக்கு, அதில் நான் வாய் வைக்கமாட்டேன். பரராசசேகரமும் செகராசசேகரமும் எழுதின மண் இது. அதோடு எங்கள் சித்தவைத்தியர் என்னைவிடத் தடித்த ஆள். பிறகு வைத்தீசுவரன்கோயிலுக்குப் போனால் நாடி சாத்திரம். ஓலையில் உங்கள் பெயர் இருக்கும். உங்கள் நாளம் எங்கே ஒளித்திருக்கிறது என்று அதில் இருக்காது.

இந்தக் குழப்பம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்று ஒரு நியாயமான மனிதன் என்றபடியால் சொல்லத்தான் வேண்டும். பழைய கிரேக்கருக்கும் நரம்பு, தசைநாண், வில்லின் நாண் எல்லாம் ஒரே சொல், நியூரோன். அரிஸ்டோட்டில்கூட அதைத் தசைநாண் என்ற கருத்தில்தான் எழுதினார். அலெக்சாந்திரியாவில் கி.மு. 300 அளவில் எரோபிலஸ் என்ற வைத்தியர் பிணத்தை அறுத்துப் பார்த்து, இது வேறு, அது வேறு என்று பிரித்து வைத்தார். இன்றைக்கும் தசையைப் போர்த்தியிருக்கிற ஒரு வெள்ளைத் தகட்டின் பெயருக்குள் அந்தப் பழைய நியூரோன் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆக, கிரேக்கரும் பிழைவிட்டார்கள். ஆனால் 2,300 வருடத்துக்கு முன்பே திருத்திவிட்டார்கள். நாங்கள் ஆறுதலாகச் செய்வோம், என்ன அவசரம்?

நாளத்தைப் பற்றிச் சொன்னால் இலண்டன் வைத்தியர் வில்லியம் ஆர்வியைச் சொல்லாமல் விடக்கூடாது. 1628 இல் குருதி சுற்றி ஓடுகிறது என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில் ஒரு படம் இருக்கிறது. முழங்கைக்கு மேல் பட்டி கட்டிய ஒரு கை, புடைத்து நிற்கிற நாளங்கள், அதை அமத்திப் பார்க்கிற விரல். விரலால் அமத்தி மேலே தடவினால் குருதி போகிறது, கீழே தள்ளினால் போகமாட்டாது, ஏனென்றால் உள்ளே வால்வு. அந்த வால்வுகளை அவருடைய ஆசிரியர் பப்ரீசியஸ் இத்தாலியில் பாதுவாவில் இருந்து 1603 இலேயே எழுதிவைத்தார். ஆனால் எதற்கு இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. மாணவனுக்குப் பிடிபட்டது. வியாழக்கிழமை என்னுடைய கையும் அச்சொட்டாக அந்தப் படம் மாதிரித்தான் இருந்தது, பட்டியும் விரலும் எல்லாம். பப்ரீசியசுக்கு வாய்த்த மாணவன், எனக்கு வாய்த்த மாணவி, என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இரண்டாம் குத்து.

இதெல்லாம் ஒரு கிழவனின் சொல்வெறி, சொல்லில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். சொல்லில் நாலு மணித்தியாலமும் ஓட்டோக் காசும் இருக்கிறது. எங்களிடம் படித்த பிள்ளை ஒன்று ஒரு வயோதிப அம்மாவைப் பராமரிக்கிறது. பிள்ளைகள் ஐந்துபேர், ஐந்துபேரும் வெளியில். அம்மாவுக்குக் காலில் நாளம் முறுக்கி வீங்கிவிட்டது. பிள்ளை கனடாவுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னது: "அண்ணை, அம்மான்ர கால் நரம்பு சுருண்டு கிடக்கு." மூத்த மகன் பொறுப்பானவர். ஸ்காபறோவில் இருந்துகொண்டே நரம்பியல் நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணிவிட்டார். அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய், நாலு மணித்தியாலம் இருந்து, இலக்கம் வந்து உள்ளே போனால், அந்த நல்ல மனிதர் சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் காலைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் எனக்குக் காட்டுறீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். "நரம்பு, டொக்டர்," என்றிருக்கிறது பிள்ளை. அவர் எழும்பி நின்று சிரித்தாராம். சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த அம்மா எல்லாருக்கும் சொன்னது: "பெரிய டொக்டரிட்டக் காட்டினது. நரம்பில ஒரு பிழையும் இல்லையாம்."

அம்மா சொன்னது உண்மைதான், பாருங்கள். ஒரு சொல்லும் பிழையில்லை.

நான் இதை எங்கள் நிலைய நிர்வாகிக்குச் சொன்னேன். நல்ல மனிதர். வியாபாரம் தெரிந்தவர். "அதுதான் சேர் நான் அப்பவே சொல்லுறன்," என்றார். "நாளம், நாடி, சோணை, இழையம் எண்டு பிள்ளையளின்ர தலையைக் குழப்பாதையுங்கோ. வெளிநாட்டுக்குப் போறதுகள். வெயின் எண்டு சொல்லிக்குடுங்கோ, ஆட்டறி எண்டு சொல்லிக்குடுங்கோ. முடிஞ்சுது." சம்பளம் தருகிறவர் சொல்கிறார். அதுவும் எவ்வளவு சம்பளம்? அதைச் சொன்னால் நிலையத்தின் பெயர் வெளியே தெரிந்துவிடும், இந்தக் குடாநாட்டில் அவ்வளவு குறைவாகக் கொடுக்கிற இடம் வேறு இல்லை. பதிலுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணையின் இடது கைக்கு ஏதாவது செய்யுங்கள் என்று மட்டும் கேட்டேன். பார்ப்போம் என்றார்.

மணி 7.30. கிறீன் வைத்தியர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவில் மசச்சூசெற்சு மாநிலத்து வூஸ்ரரில் பிறந்தவர். 1847 இல் மிசனரி வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு பெடியன்களைச் சேர்த்து வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆனால் 1852 இலேயே உடலமைப்பியல், உடற்றொழிலியல், சுகாதாரம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுகிற ஓர் அமெரிக்கப் பாடப்புத்தகத்தைத் தமிழில் கொண்டுவந்துவிட்டார். தலைப்பு, அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். மூச்சை இழுத்துக்கொண்டு சொல்லவேண்டும். நுரையீரலுக்கும் நல்லது.

இந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சாமியைப் பாடுகிறவர்கள் பாதம் தொடங்கிக் கேசம் வரை பாடினால் பாதாதிகேசம். தலையில் தொடங்கி இறங்கினால் கேசாதிபாதம். அந்த ஓசையிலேயே மனிசனை அறுத்துப் பார்க்கிற படிப்புக்கும் ஒரு பெயர், அங்காதிபாதம்! உடற்றொழிலியலுக்குச் சுகரணம். இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம், 1978 இல் தொடங்கியது, ஆடியபாதம் வீதியில் இருக்கிறது. அங்காதிபாதம் படிப்பதற்கு ஆடியபாதம் வீதியால் போகவேண்டும். இதை ஒருவரும் திட்டம்போட்டுச் செய்யவில்லை. ஆனால் அங்கே போகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில்தான் பாடம், ஆகவே இந்தப் பொருத்தத்தை ரசிக்க என்னைப் போன்ற வேலையில்லாதவன்தான் மிச்சம்.

1864 இலிருந்து கிறீன் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். ஏன் தெரியுமா? ஆங்கிலத்தில் படித்த பெடியன் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவான், தமிழில் படித்தவன் கிராமத்தில் இருந்து தன் சனத்துக்கு வைத்தியம் பார்ப்பான் என்று கணக்குப் போட்டார். எங்கள் நிர்வாகி போடுகிற அதே கணக்குத்தான். விடை மட்டும் மறுபக்கம். இலண்டனில் 1858 இல் வெளிவந்த கிரேயின் உடலமைப்பியல் 1872 இல் மனுஷ அங்காதிபாதம் என்று தமிழில் அச்சாகிவிட்டது. பதினாலு வருடம்! எங்கள் நிலையத்தில் ஒரு வெண்பலகை மாற்ற அவ்வளவு காலம் எடுக்கும். இரசாயனத்துக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வைத்து 1875 இல் ஒரு புத்தகம். அறுவை வைத்தியத்துக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று. 1873 இல் உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் மனிசன் விடவில்லை. அங்கே பனிக்குள் இருந்துகொண்டு தமிழ்ப் புத்தக வேலை பார்த்தார். மனுஷ சுகரணம் 1883 இல் வந்தது. அடுத்த வருடம் அவர் போய்விட்டார். வூஸ்ரரில் இருக்கிற கல்லறைக்கல்லில், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று எழுதியிருக்கிறது. மானிப்பாயில் அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். எல்லாரும் முழுக் கையுள்ள எலும்புக்கூட்டில் படித்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு பொறாமை.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம். மானிப்பாய் வீதியால் அன்று சைக்கிளில் வரும்போது எனக்குத் தோன்றியது என்னவென்றால்

"இஞ்சருங்கோ, எட்டாகப் போகுது. புட்டு ஆறுது. பிறகு என்னைச் சொல்லக்கூடாது."

இந்தா வாறன்.

"முதல் அந்தக் கையைக் காட்டுங்கோ. பாருங்கோ, கறுத்துப்போச்சு. நரம்பு நல்லாக் கண்டிப்போச்சுது."

நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் எந்த இடத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். கையை மட்டும் காட்டினேன். எண்ணெய் தடவிவிட்டா. கண்டல் என்றால் தோலுக்குக் கீழே குருதி கசிந்து நிற்பது, எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை, இதையும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி. பரிசோதனை நிலையத்துப் பிள்ளை. நாளைக்கு ஏழரைக்கு வந்தால் முதல் இலக்கம் தருவாளாம். வியாழக்கிழமை நடந்ததுக்கு மனதுக்குக் கஷ்டமாக இருந்ததாம்.

"சேர், காலமை வரேக்க ரெண்டு கிளாஸ் தண்ணி வடிவாக் குடிச்சிட்டு வாங்கோ. அப்பத்தான்…" ஒரு கணம் நிறுத்தினாள். நான் தொலைபேசியைக் காதோடு இறுக்கிப் பிடித்தேன். மூன்று வருடத்துக்கு முந்திய அந்த 92 புள்ளி, அந்த அம்புக்குறிகள், எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"சேருக்கு நரம்பு எண்டு சொன்னாப் பிடியாது என்ன," என்றாள் அவள், மரியாதையாக. "அப்பத்தான் சேர், வெயின் தெரியும்."

எட்டுக்கு ஏழு நிமிடம் இருக்கிறது. புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு துண்டு பொரித்த மீன்.